அண்டைக் கரைகளோடு சேர்ந்து கடல்நீரின் தரத்தைக் காப்பது எப்படி: குமரிக் கடற்கரை ஊர்களுக்கு ஒரு வழிகாட்டி

கன்னியாகுமரி மாவட்டத்தின் கடற்கரை கிழக்கே ஆரோக்கியபுரம் முதல் மேற்கே நீரோடி வரை ஏறத்தாழ 70 கிலோமீட்டர் நீளமுடையது. நீரோடியை அடுத்துக் கேரளத்தின் பொழியூர். ஆரோக்கியபுரத்தை அடுத்துத் திருநெல்வேலி மாவட்டத்தின் கூட்டப்புளி. 1956 நவம்பர் 1 அன்று இம்மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தபோது கரையில் எல்லை பிரிந்தது. கடலில் அப்படி எதுவும் பிரியவில்லை என்பதை 2025ஆம் ஆண்டில் எல்லாரும் கண்கூடாகப் பார்த்தனர். கொச்சிக்கு அப்பால் மே 25 அன்று மூழ்கிய எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற சரக்குக் கப்பலிலிருந்து சிதறிய நர்டில் எனப்படும் பிளாஸ்டிக் குருணைகள், திருவனந்தபுரம் மாவட்டக் கரைகளைத் தாண்டி, சில நாள்களிலேயே நம் மேற்குக் கரை ஊர்களின் மணலிலும் வந்து ஒதுங்கின.

அண்டை மாநிலத்தோடு கூட்டாகச் செயல்படுவது என்றதும் மாநாடு, தீர்மானம், மனு என்றே பலருக்கும் தோன்றுகிறது. அவற்றுக்கும் நேரம் வரும். ஆனால் ஒரே நாளில், ஒரே முறையில் எடுத்த அளவீடுகளை இரு கரையினரும் ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ளும் பழக்கம் முதலில் வர வேண்டும். அந்தப் பழக்கம் இல்லாத இடத்தில் விபத்து நேர்ந்தால் ஒவ்வொரு கரையும் மற்றக் கரையைக் குறைசொல்வதோடு காரியம் நின்றுவிடும். ஊர்க் கமிட்டிகள், பங்குப் பேரவைகள், மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள், மகளிர் குழுக்கள், பள்ளி கல்லூரி ஆசிரியர்கள் ஆகியோர் தங்கள் கையிலுள்ள வசதியைக்கொண்டு இதை எப்படித் தொடங்கலாம் என்பதே இங்கே சொல்லப்படுகிறது.

நீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதை முதலில் அறிதல்

யாரோடு பேச வேண்டும் என்பதை முடிவுசெய்வது நீரோட்டம். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், அதாவது வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரை, இந்தியாவின் மேற்குக் கரையையொட்டிய நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்காகப் பாய்கிறது. அப்போது கொல்லத்திலோ விழிஞ்ஞத்திலோ கடலில் கலப்பது நம் பக்கம் வர வாய்ப்பு அதிகம். கார்த்திகை முதல் மாசி வரை இது தலைகீழாகிறது: வங்காள விரிகுடா நீர் குமரிமுனையைச் சுற்றி மேற்கே திரும்பி, கேரளக் கரையோரமாக வடக்கு நோக்கிச் செல்கிறது. அந்த மாதங்களில் பழையாறும் குழித்துறைத் தாமிரபரணியும் கொண்டுவந்து கொட்டுவது பொழியூர், பூவார் கரைகளுக்குப் போகும். ஆண்டின் ஒரு பாதியில் அவர்களுடைய கழிவு நமக்கு வருகிறது, மறுபாதியில் நம்முடைய கழிவு அவர்களுக்குப் போகிறது என்ற கணக்கை இரு தரப்பும் ஏற்றுக்கொண்டால் பேச்சுவார்த்தையின் தொனியே மாறிவிடும். களியக்காவிளை வழியாக லாரியில் வந்து இறங்கும் கேரளக் கழிவைப் பற்றி நாம் உரக்கப் பேசுகிறோம், பேசவும் வேண்டும். அதே வேகத்தில் நாகர்கோவிலின் சாக்கடை பழையாறு வழியே மணக்குடிப் பொழிக்கு, அதாவது மணல்திட்டால் அடைபட்டு உடையும் ஆற்று முகத்துவாரத்துக்கு, வருவதையும் பேச வேண்டும்.

பருவத்தின் பொதுவான போக்கு இது. ஆனால் ஒரு குறிப்பிட்ட நாளில், கரையை ஒட்டிய சில நூறு மீட்டருக்குள், அலை விழும் கோணமும் காற்றுமே திசையைத் தீர்மானிக்கின்றன. ஐதராபாத்திலுள்ள இன்காய்ஸ் எனப்படும் தேசியக் கடல்சார் தகவல் மையம் நாள்தோறும் வெளியிடும் அலை, காற்று, நீரோட்ட முன்னறிவிப்பைப் பார்த்துக்கொள்வதோடு, அன்று கரமடி எனப்படும் கரைவலை இழுத்தவர்களிடம் நீவாடு (நீரோட்டம்) எந்தப் பக்கம் என்று கேட்டு எழுதிக்கொள்வது நல்லது. எளிய சோதனையும் உண்டு. ஓர் ஆரஞ்சுப் பழத்தைக் கடலில் எறிந்தால் அது பெரும்பகுதி நீரில் அமிழ்ந்து மிதக்கும். காற்று அதை அதிகம் தள்ளாது. கடலுக்குள் நீளும் தடுப்புச் சுவரான தூண்டில் வளைவின் கல்வரிசையில் 20 மீட்டரை அளந்து வைத்துக்கொண்டு, பழம் அதைக் கடக்கும் நேரத்தைக் குறித்தால் திசையும் வேகமும் ஒருங்கே கிடைத்துவிடும்.

நம் வீட்டுக் கணக்கு

அண்டையாரிடம் போவதற்கு முன் நம் பக்கத்திலிருந்து கடலில் கலப்பவற்றின் பட்டியல் ஒன்றை எழுதி முடித்திருக்க வேண்டும். ஆறுகளில் தேங்காய்ப்பட்டணத்தில் சேரும் தாமிரபரணி, கடியப்பட்டணத்தில் சேரும் வள்ளியாறு, மணக்குடியில் சேரும் பழையாறு ஆகிய மூன்றும் முதன்மையானவை. அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய் எனப்படும் ஏ.வி.எம். கால்வாயில் தேங்கி நிற்கும் நீர், பெருமழையில் பொழி உடையும்போது மொத்தமாகக் கடலுக்கு வருவதால் அதைத் தனியாகக் குறிக்க வேண்டும். தேங்காய்க் கதம்பை (மட்டை) ஊறவைக்கும் இடங்களில் நீரிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்து, அழுகிய முட்டை நாற்றத்தோடு ஹைட்ரஜன் சல்பைடு வெளிப்படும். அந்த இடங்களையும் சேர்க்க வேண்டும். சின்னமுட்டம், முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் துறைமுகங்களில் எஞ்சின் ஆயில் மாற்றும்போது கொட்டப்படும் பழைய எண்ணெய், உடைந்த தெர்மாகோல் பெட்டிகள், ஏலக்கூடத்தைக் கழுவிவிடும் நீர், கிழிந்த நைலான் வலை ஆகியவற்றை யாரும் நமக்கு ஏற்றுமதி செய்யவில்லை. கன்னியாகுமரியில் விடுதிகளின் கழிவுநீர் தனிக் கணக்கு.

இங்கே ஓர் எச்சரிக்கை. மணவாளக்குறிச்சியை ஒட்டிய கரைகளில் இல்மனைட், கார்னெட் போன்ற கனிமங்கள் கலந்த கருமணல் இயற்கையாகவே வரிவரியாகப் படியும். புகைப்படத்தில் அது எண்ணெய்ப் படலம் போலவே தோன்றும். அப்படியொரு படத்தை அண்டை மாநிலக் குழுவுக்கு அனுப்பிப் பதற்றமூட்டினால் அடுத்த முறை உண்மையான எண்ணெய் வந்தாலும் நம்ப மாட்டார்கள். விரலில் தேய்த்துப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும்: மணல் உதிரும், எண்ணெய் ஒட்டும்.

மாதிரி எடுத்தல்

இதில்தான் கூட்டுமுயற்சி பெரும்பாலும் குலைகிறது. ஒரு குழு காலையில் அலைநுரையில் பாட்டிலை முக்கி எடுக்கிறது. இன்னொரு குழு மாலையில் பொழிக்குள் எடுக்கிறது. இரண்டையும் ஒப்பிட்டு யார் கடல் சுத்தம் என்று சண்டையிடுகின்றன. ஆகவே இடம், நேரம், ஆழம், முறை நான்கும் இரு பக்கத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இடங்கள் குறைவாக, ஆனால் நிலையாக இருப்பது மேல். மேற்கு எல்லையில் நீரோடியிலும் பொழியூரிலும் ஒவ்வொன்று, பிறகு தேங்காய்ப்பட்டணம், குளச்சல், கடியப்பட்டணம், மணக்குடி, கன்னியாகுமரி, கிழக்கு எல்லையில் சின்னமுட்டத்திலும் கூட்டப்புளியிலும் ஒவ்வொன்று என்று வைத்துக்கொண்டால் மாதம் ஒருமுறை சமாளிக்க முடியும். எல்லையின் இரு புறமும் இணையாக இருக்கும் அந்த இரண்டு சோடி இடங்கள்தான் இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி. ஆள் பற்றாக்குறை வந்தால் மற்றவற்றை விட்டுவிடலாம், இவற்றை விடக் கூடாது. பொழிமுகங்களில் வற்றத்தில், அதாவது கடல்நீர் இறங்கும் நேரத்தில், எடுத்தால்தான் ஆற்றிலிருந்து வருவது பிடிபடும். ஏற்றத்தில் எடுத்தால் கடல்நீரே கிடைக்கும். அறிக்கை அழகாக இருக்கும், பயன் இராது.

பாக்டீரியா சோதனைக்கான மாதிரியை, கிருமிநீக்கம் செய்த பாட்டிலில்தான் எடுக்க வேண்டும். அதை முன்கூட்டிக் கழுவக் கூடாது. தொடையளவு நீரில் நின்று, நீர் வரும் திசையை நோக்கி, மேற்பரப்புக்கு ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் கீழே பாட்டிலைத் திறந்து நிரப்பி, மேலே இரண்டு விரல்கடை காற்றுவெளி விட்டு மூட வேண்டும். ஐஸ் பெட்டியில் வைத்து 6 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். மீன்பிடி ஊரில் ஐஸுக்குப் பஞ்சமில்லை என்பதால் இந்த ஒரு விஷயத்தில் நகரத்து ஆய்வாளர்களைவிட நமக்கே வசதி அதிகம். உருகிய ஐஸ்நீர் மூடிக்குள் கசியாதபடி பாட்டிலைப் பிளாஸ்டிக் உறையிலிட்டுக் கட்டிவிட வேண்டும்.

கரைந்துள்ள ஆக்சிஜனுக்கான மாதிரி நேர்மாறானது. அதில் ஒரு குமிழிகூட இருக்கக் கூடாது. அலை உடையும் இடத்தில் காற்று கலந்துகொண்டே இருப்பதால் அங்கு எடுத்த நீர் எப்போதும் நல்ல எண்ணையே காட்டும். வள்ளத்தில் அலைக்கு அப்பால் சென்றோ, தூண்டில் வளைவின் நுனியில் நின்றோ எடுப்பதே சரி. 300 மில்லி கண்ணாடிப் பாட்டிலை நீருக்குள்ளேயே நிரப்பி மூடி, மேலே கொண்டுவந்ததும் விங்க்ளர் முறைப்படி மாங்கனீஸ் சல்பேட்டும் காரம் கலந்த அயோடைடும் ஒவ்வொரு மில்லி, பிப்பெட்டின் நுனி நீருக்குள் இருக்கும்படி விட்டு, மூடியைப் போட்டுத் தலைகீழாகப் புரட்ட வேண்டும். ஆக்சிஜன் உள்ள நீரில் பழுப்பு நிறத் திட்டுகள் திரண்டு மெல்லக் கீழே படியும். ஆக்சிஜன் அறவே இல்லாத நீரில் அந்தப் படிவு வெள்ளையாகவே இருக்கும். கதம்பை ஊறும் கழிமுகத்து நீரையும் திறந்த கடல்நீரையும் இரண்டு பாட்டில்களில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இதைச் செய்துகாட்டினால், ஊர்க் கூட்டத்தில் எண்களை வாசிக்க வேண்டிய தேவையே இராது. மீதி வேலையை, அமிலம் சேர்த்துத் தயோசல்பேட்டால் அளவிடுவதை, நாகர்கோவிலில் வேதியியல் துறை உள்ள எந்தக் கல்லூரியும் செய்துகொடுக்க முடியும். இந்த வேதிப்பொருள்களில் காரமும் அமிலமும் இருப்பதால் கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் மாணவர்களைத் தொடவிடக் கூடாது.

கிடைக்கும் எண்ணை எதனோடு ஒப்பிடுவது? சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின்கீழ் கடலோர நீர் அதன் பயன்பாட்டைக் கொண்டு ஐந்து வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. குளிக்கவும் மீன்பிடிக்கவும் உரிய இரண்டாம் வகுப்பே நம் கரைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பொருந்துவது. அதன்படி கரைந்துள்ள ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது, கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனின் அளவான உயிர்வேதி ஆக்சிஜன் தேவை 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, பி.எச். அளவு 6.5 முதல் 8.5 வரை இருக்க வேண்டும். மலக் கழிவு கலந்திருப்பதைக் காட்டும் பாக்டீரியாவான மலக் கோலிஃபார்ம் 100 மில்லி நீரில் 100 என்பது வரம்பு. துறைமுகத்துக்குள் உள்ள நீர் நான்காம் வகுப்பு, அதற்கு வேறு வரம்பு. குளச்சல் துறைமுகத்துக்குள் எடுத்ததைப் பொழியூர்க் குளிகரையோடு ஒப்பிடுவது நியாயமாகாது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஆனி, ஆடி மாதங்களில் குமரிக் கடலில் அடிநீர் மேலெழுகிறது. அந்த நீர் குளிர்ந்தது, சத்து மிகுந்தது, ஆக்சிஜன் குறைந்தது. மீன் வளம் பெருகுவதற்கும் அதுவே காரணம். அக்காலத்தில் ஆக்சிஜன் அளவு இறங்கினால் உடனே யாரோ கழிவைக் கலந்துவிட்டார்கள் என்று முடிவுகட்டக் கூடாது. நீரின் வெப்பநிலையையும் சேர்த்துக் குறித்திருந்தால் இது அடிநீரின் வேலையா, சாக்கடையின் வேலையா என்று பிரித்துவிடலாம். நீர் குளிர்ந்து ஆக்சிஜனும் குறைந்து, கோலிஃபார்ம் மட்டும் கூடாமலிருந்தால் பெரும்பாலும் இயற்கைதான். தெளிந்த கடல்நீரும் 28 பாகை செல்சியஸில் லிட்டருக்குச் சுமார் 6.4 மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் தாங்கும் என்பதை நினைவில் வைத்தால், கையடக்கக் கருவி 9 என்று காட்டும்போது மகிழ்வதற்குப் பதிலாகக் கருவியைச் சரிபார்க்கத் தோன்றும்.

கரை ஒதுங்குபவை

நீர் மாதிரிக்குப் பணம் வேண்டும். கரை ஒதுங்குபவற்றை எண்ண ஒரு சல்லடையும் நான்கு கம்பும் போதும். ஏற்றநீர் விட்டுச்சென்ற குப்பைக் கோட்டின்மேல் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரம் வைத்து, மேல்மணலை இரண்டு விரல் ஆழத்துக்கு எடுத்துச் சலிக்க வேண்டும். நர்டில் குருணை பருப்பளவே இருக்கும், பெரும்பாலும் வெள்ளை, விரலால் நசுக்கினால் உடையாது. தண்ணீர் வாளியில் போட்டால் மணல் கீழே போக, அது மிதக்கும். இதே வாளிச் சோதனையில் தெர்மாகோல் மணிகளும் மிதக்கும், ஆனால் அவை நகத்தால் நசுங்கும். இரண்டையும் தனித்தனியே எண்ண வேண்டும். ஒன்று பெரும்பாலும் கப்பல் சரக்கு, மற்றது பெரும்பாலும் நம் மீன்பெட்டி. எண்ணிக்கை, நாள், நேரம், இருப்பிடக் குறியீடு, காற்றின் திசை ஆகியவற்றோடு, பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து எடுத்த படமும் இருந்தால் பதிவு முழுமையாகிறது. இடம் குறிக்காத, எண்ணாத, படம்பிடிப்பதற்காகவே நடக்கும் கடற்கரைத் தூய்மை நாள்களால் குப்பை குறையும். அது எங்கிருந்து வந்தது என்பதற்கான சான்றும் அதோடு போய்விடும்.

பகிர்தல்

தூத்தூர் வட்டார ஊர்களின் ஆழ்கடல் படகுகள் கொச்சியைத் தளமாகக் கொண்டு மங்களூர், கோவா, குஜராத் வரை போகின்றன. பொழியூரிலும் விழிஞ்ஞத்திலும் நம்மவர்களுக்குச் சம்பந்தவழிச் சொந்தங்கள் உண்டு. தமிழும் மலையாளமும் கலந்து பேசும் இந்த மக்களே இரு மாநிலங்களுக்கும் இயல்பான இணைப்பு. புதிதாக ஓர் அமைப்பைத் தோற்றுவிப்பதைவிட, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் இந்தத் தொடர்பில் அளவீட்டை ஏற்றிவிடுவது எளிது. பதிவுப் படிவம் ஒரே பக்கமாக, இரு மொழியிலும் இருக்கட்டும். ஒவ்வொரு பக்கத்திலும் ஒருவர் பதிவைப் பேண வேண்டும், அவருக்கு மாற்றாள் ஒருவரும் வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் குரல்பதிவுகள் எச்சரிக்கைக்கு உதவும், பதிவேடாக உதவா. ஒரு விதியை மட்டும் தொடக்கத்திலேயே ஏற்றுக்கொள்வது நலம்: ஒவ்வொரு குழுவும் தன் கரையின் மோசமான முடிவைத் தானே முதலில் அறிவிக்க வேண்டும். மணக்குடியில் கோலிஃபார்ம் வரம்பைத் தாண்டியது என்று நாமே சொல்லியிருந்தால், நெய்யாற்றின் முகத்துவாரத்தைப் பற்றி நாம் கேட்கும் கேள்விக்குப் பூவார் மக்கள் பதில் சொல்வார்கள்.

விபத்து நேர்ந்தால்

எண்ணெயோ கன்டெய்னரோ கண்ணில் பட்டால் கடலில் இருப்பவர் இந்தியக் கடலோரக் காவல்படையின் 1554 எண்ணுக்கும், கரையில் இருப்பவர் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 எண்ணுக்கும் முதலில் சொல்ல வேண்டும். 1996ஆம் ஆண்டின் தேசிய எண்ணெய்க் கசிவுப் பேரிடர்த் திட்டப்படி கடலில் ஒருங்கிணைக்கும் பொறுப்பு கடலோரக் காவல்படையுடையது; எண்ணெய் கரையேறிவிட்டால் பொறுப்பு மாநில நிர்வாகத்திடம் வருகிறது. தகவலில் அட்சரேகை தீர்க்கரேகை, நேரம், படலத்தின் நிறம், தோராய நீளம், நகரும் திசை ஆகியவை இருக்க வேண்டும். அதே தகவலை அதே நிமிடத்தில் நீரோட்டம் செல்லும் பக்கத்திலுள்ள குழுவுக்கும் அனுப்ப வேண்டும்; அவர்களுக்குக் கரமடியை இழுத்து மேலேற்றவும் பொழியை அடைத்துவைக்கவும் கிடைக்கும் சில மணி நேரம் பெரிது.

ஒதுங்கிய கன்டெய்னரைத் தொடவோ கயிறு கட்டி இழுக்கவோ கூடாது. எல்சா 3 கப்பலில் கால்சியம் கார்பைடு ஏற்றிய கன்டெய்னர்கள் 12 இருந்தன. அந்தப் பொருள் நீர் பட்டால் தீப்பற்றக்கூடிய அசிட்டிலீன் வாயுவை வெளியிடும். எண்ணெய்ப் படலத்தின்மேல் சோப்புத்தூள் தெளிப்பதும் தவறு. எண்ணெய் கண்ணிலிருந்து மறையும், நீரோடு கலந்து மீன்குஞ்சுகளை அடையும்.

இழப்பீட்டைப் பற்றி ஒரு சொல். கேரள அரசு இந்தக் கப்பல் வழக்கில் 9,531 கோடி ரூபாய் கேட்டு உயர்நீதிமன்றம் சென்றது. அத்தகைய கோரிக்கைகள் விபத்துக்கு முன்பிருந்த நிலையைக் காட்டும் தாள்களின்மேல் நிற்பவை. படகுப் பதிவுச் சான்று, ஏலச் சீட்டுகள், கடலுக்குப் போகாத நாள்களின் குறிப்பு, மேலே சொன்ன மாதாந்திர அளவீடுகள் ஆகியவற்றை ஊர்வாரியாகச் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கே தங்கள் இழப்பை நிறுவ வழியிருக்கும்.

அரசிடமும் அயல்நாட்டிடமும்

நாம் எடுத்த மாதிரி வழக்கில் நேரடிச் சான்றாகாது. 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, மாசுக்கட்டுப்பாட்டு வாரிய அலுவலர் உரிய முறையில் எடுக்கும் மாதிரிக்கே அந்தத் தகுதியை அளிக்கிறது. ஆயினும் நம் பதிவுகள், அந்த அலுவலர் எங்கே, எப்போது வந்து எடுக்க வேண்டும் என்பதைச் சொல்லும். எனவே மாவட்ட மாசுக்கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்துக்கு மனு கொடுக்கும்போது வரம்பு மீறிய மாதங்களையும் வற்ற நேரத்தையும் குறித்தே கொடுக்க வேண்டும். கேரள வாரியத்துக்கு அண்டைக் குழு அதே நாளில் மனு கொடுப்பது வலுச் சேர்க்கும். இரு மாநிலங்களுக்கும் பொதுவான தீர்ப்பாயம் சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு. முதலமைச்சர்கள் மட்டத்தில் பேச, 1956ஆம் ஆண்டின் மாநிலச் சீரமைப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த தென்மண்டலக் கவுன்சில் இருக்கிறது. சட்டமன்ற உறுப்பினர் வழியாக அதன் நிகழ்ச்சி நிரலில் கடல்நீரைச் சேர்க்கக் கேட்கலாம்.

எல்லைக்கு அப்பால் இலங்கையும் மாலத்தீவும் உள்ளன. 2021இல் கொழும்புக்கு அருகே எரிந்து மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் ஏறத்தாழ 1,680 டன் நர்டில்களைக் கொண்டிருந்தது. இலங்கை மீனவர்கள் அதைச் சலித்து எடுத்த அனுபவம் நமக்குப் பாடம். இந்த நாடுகளுக்கிடையே 1995இல் ஏற்கப்பட்ட தெற்காசியக் கடல்கள் செயல்திட்டம் உண்டு, அதன் செயலகம் கொழும்பில் இயங்குகிறது. ஊர்க் கமிட்டி நேராக அங்கே போக முடியாது. ஆனால் குமரிமுனைக்குத் தெற்கே கடலிலுள்ள வாட்ஜ் திட்டில் மீன்பிடிக்கும் படகுகள், கப்பல் கழிவெண்ணெய் விட்டுச்சென்ற தடத்தை இடக்குறியோடு கடலோரக் காவல்படைக்குச் சொல்லும் ஒவ்வொரு முறையும் அந்த ஏற்பாட்டுக்கு நாம் தகவல் தருகிறோம்.

எப்போது கூடுவது

கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கான தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. நம் மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை. ஆக ஜூன் 10 முதல் 14 வரை கூட்டப்புளியும் சின்னமுட்டமும் குளச்சலும் விழிஞ்ஞமும் ஒருசேர விசைப்படகுகளைக் கரையில் கட்டியிருக்கும். மூன்று பக்கத்தாரும் கூடி இடங்களையும் படிவத்தையும் தொலைபேசிப் பட்டியலையும் உறுதிசெய்ய அந்த ஐந்து நாள்களே ஏற்றவை. மாதிரி எடுக்கும் செய்முறையை அப்போது திறந்த கடலில் காட்ட இயலாது. தேங்காய்ப்பட்டணம் துறைமுக வாயில் அந்தப் பருவத்தில் உயிர்களைப் பலிகொண்ட இடம் என்பதால் அங்கே வேண்டாம். குளச்சல் துறைமுகத்தின் உட்புறத் தளத்தில் நின்று கயிற்றில் கட்டிய பாட்டிலால் செய்துகாட்டலாம்.